ஒரே குடும்பம், பல ஆண்டுகள்: நீண்டகாலக் குடும்ப ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளியலும் சமூகவியலும் படிக்கிறவர்கள், தரவை வைத்து எழுத விரும்பும் பத்திரிகையாளர்கள், தொண்டு நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலான உதாரணங்கள் இந்திய மனித மேம்பாட்டு ஆய்விலிருந்து வருகின்றன. ஐஎச்டிஎஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

நீண்டகாலக் குடும்ப ஆய்வு என்றால் என்ன?

ஒரு குடும்பத்தைச் சந்தித்து வருமானம், செலவு, வேலை, படிப்பு, உடல்நலம், கடன், கல்யாணம் என்று விவரமாகக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே குடும்பத்தைத் தேடிப்போய், முடிந்தவரை அதே கேள்விகளை அதே மாதிரி கேட்கிறார்கள். இப்படி இரண்டு முறை செய்தாலே பேனல் சர்வே ஆகிவிடும். நாலைந்து முறை போனால் ஒரு தலைமுறையின் வாழ்க்கையே பதிவாகிவிடும்.

என்எஸ்எஸ் போன்ற ஆய்வுகள் இருக்கும்போது இது எதற்கு?

என்எஸ்எஸ் என்று சொல்லப்படும் தேசிய மாதிரி ஆய்வு 1950 முதல் நடக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வு 1992-93-ல் தொடங்கிப் பல சுற்றுகள் முடிந்திருக்கின்றன. இரண்டுமே அருமையான ஆய்வுகள்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு குடும்பங்களைத்தான் சந்திக்கிறார்கள். அதனால் ‘நாட்டில் எத்தனை பேர் ஏழைகள்’ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். ‘அன்று ஏழையாக இருந்தவர்தான் இன்றும் ஏழையாக இருக்கிறாரா’ என்று கேட்டால் கிடைக்காது.

ஏரியின் நீர்மட்டத்தை மட்டும் அளந்து பார்த்தால், வரத்துக் கால்வாயில் எவ்வளவு தண்ணீர் வந்தது, மதகு வழியாக எவ்வளவு போனது என்று தெரியாது. வறுமை விஷயத்திலும் அப்படித்தான். ஐஎச்டிஎஸ் தரவை வைத்து, அதை நடத்துபவர்களில் ஒருவரான சோனால்டே தேசாயின் குழுவினர் 2024-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். வறுமை விகிதம் 2004-05-ல் 38.6 சதவீதம், 2011-12-ல் 21.2 சதவீதம், 2022-24-ல் 8.5 சதவீதம். இதுவரை வெறும் நீர்மட்டம். அந்த 8.5-ஐப் பிரித்துப் பார்த்தார்கள். பிறப்பிலேயே வறுமைக்குள் வந்து அங்கேயே இருப்பவர்கள் 3.2 சதவீதம். வாழ்க்கையின் நடுவில் வறுமைக்குள் விழுந்தவர்கள் 5.3 சதவீதம்.

இன்றைய ஏழைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பழைய ஏழைகள் பட்டியலில் இருந்திருக்கவே மாட்டார்கள். பத்து வருடத்துக்கு முன் எடுத்த பட்டியலை வைத்து ரேஷன் அட்டையும் உதவித்தொகையும் கொடுக்கிற அரசு, இவர்களை எப்படிக் கண்டுபிடிக்கும்? வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் வந்ததாலோ, சம்பாதிக்கிறவர் இறந்துபோனதாலோ விழுந்த குடும்பத்துக்குத் தேவைப்படுவது வேறு உதவி. மக்களிடம் இப்படித் திரும்பப் போய்க் கேட்கும் ஆய்வு இல்லாவிட்டால் இந்த வித்தியாசமே தெரியாமல் போயிருக்கும்.

இதை முதலில் யார் ஆரம்பித்தார்கள்?

உலக அளவில் அதிகம் பேசப்படுவது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வருமான இயக்க ஆய்வு. அமெரிக்க அரசு வறுமை ஒழிப்புத் திட்டங்களில் இறங்கியிருந்த காலத்தில், 1968-ல், சுமார் 4,800 குடும்பங்களோடு தொடங்கியது. அந்த வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போனால் அவர்களையும் ஆய்வில் சேர்த்துக்கொண்டார்கள். இன்று பேரப்பிள்ளைகள் வரை வந்துவிட்டது. ஜெர்மனியின் ஆய்வு 1984-ல் தொடங்கியது. பெர்லின் சுவர் விழுந்த பிறகு, இரண்டு ஜெர்மனிகளுக்கும் ஒரே நாணயம் வருவதற்கு முன்பே, 1990 ஜூனில் கிழக்கு ஜெர்மனிக் குடும்பங்களையும் சேர்த்துவிட்டார்கள். பழைய பொருளாதாரத்தில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்ற முதல் பதிவு அதனால் மிஞ்சியது. சில வாரங்கள் தாமதித்திருந்தால் அது நிரந்தரமாகக் கைவிட்டுப் போயிருக்கும்.

நம் நாட்டு வரலாறு இன்னும் பழையது. உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத் மாவட்டத்து பாலன்பூர் கிராமத்தில் 1957-58-ல் முதல் ஆய்வு நடந்தது. அப்புறம் 1962-63, 1974-75, 1983-84, 1993, 2008-10 என்று அந்த ஊருக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

ஹைதராபாத்தை ஒட்டியுள்ள இக்ரிசாட் நிறுவனம் செய்த கிராம ஆய்வு ஏன் இவ்வளவு புகழ் பெற்றது?

இது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் நிறுவனம். புதிய ரகங்களை விவசாயிகள் ஏன் ஏற்கிறார்கள், ஏன் மறுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள 1975-ல் 6 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைய தெலங்கானாவில் ஆவுரேபல்லி, டோகூர். மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் பக்கம் ஷிராப்பூர், கால்மன். அகோலா பக்கம் கன்சாரா, கின்கேட். ஊருக்கு 40 குடும்பங்கள். அதில் 10 நிலமில்லாத கூலிக் குடும்பங்கள், மற்ற 30 சிறு, நடுத்தர, பெரு விவசாயிகள். கேள்வி கேட்பவர் அந்த ஊரிலேயே தங்கியிருந்தார். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரவு, செலவு, கடன், கூலி எல்லாம் எழுதப்பட்டன.

அந்த நோட்டுகளிலிருந்துதான் பொருளியலாளர் ராபர்ட் டவுன்சென்ட் 1994-ல் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். மழை பொய்த்து ஒரு வீட்டின் வருமானம் சரிந்தால் அந்த வீட்டுச் சாப்பாடும் அதே அளவுக்குச் சரிகிறதா என்று பார்த்தார். பெரும்பாலும் அப்படிச் சரியவில்லை. ஒரு வீட்டின் நுகர்வு அந்த வீட்டு வருமானத்தைவிட ஊரின் சராசரி நுகர்வோடுதான் கூடவும் குறையவும் செய்தது. கைமாற்று, கடன், சேமித்த தானியம் என்று ஏதோ ஒன்று தாங்கிப் பிடித்திருக்கிறது. ஆனால் அவர் பார்த்த மூன்று கிராமங்களில் ஒன்றில் நிலமில்லாதவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு குறைவாக இருந்தது. இந்தக் கடைசிச் செய்தியைப் பலர் விட்டுவிட்டு, ‘கிராமம் எல்லோரையும் காப்பாற்றும்’ என்று மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது சரியில்லை.

இன்னொரு கட்டுரை 1989-ல் மார்க் ரோசன்ஸ்வெய்க்கும் ஓடெட் ஸ்டார்க்கும் எழுதியது. பெண்ணைத் தூரத்து ஊரில் கட்டிக்கொடுப்பது ஏன் என்ற கேள்வி. பக்கத்து ஊரில் சம்பந்தம் வைத்தால் இங்கே மழை பொய்க்கும்போது அங்கேயும் பொய்த்திருக்கும். தூரத்துச் சம்பந்தி வீட்டுக்கு அந்தக் கஷ்டம் இருக்காது, கை கொடுக்க முடியும். விளைச்சல் வருமானம் ஏறி இறங்கும் குடும்பங்கள் தூரமாகச் சம்பந்தம் வைத்ததும், அப்படி வைத்தவர்களின் செலவு அதிகம் ஆடாமல் இருந்ததும் தரவில் தெரிந்தன. ஒரே வீட்டைப் பல பருவங்கள் தொடர்ந்து பார்த்தால் மட்டுமே இது தெரியும்.

ஐஎச்டிஎஸ்ஸை யார் நடத்துகிறார்கள்? எவ்வளவு பெரியது?

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் டில்லியில் உள்ள தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வுக் குழுவும் சேர்ந்து நடத்துகின்றன. முதல் சுற்று 2004-05-ல் 41,554 குடும்பங்கள், 1,503 கிராமங்கள், 971 நகர்ப் பகுதிகள். இரண்டாம் சுற்று 2011-12-ல் 42,152 குடும்பங்கள். முதல் சுற்றில் இருந்தவர்களில் சுமார் 83 சதவீதக் குடும்பங்களை மறுபடி சந்தித்துவிட்டார்கள். மூன்றாம் சுற்றின் களப்பணி 2022-லிருந்து 2024 வரை நடந்தது.

எண்ணிக்கையைவிட அதில் கேட்கும் கேள்விகள்தான் முக்கியம். வருமானம், செலவு இரண்டையும் கேட்கிறார்கள். இந்திய ஆய்வுகளில் இது அபூர்வம். 8 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு வாசிப்பு, எழுத்து, கணக்கில் சின்னச் சோதனை வைக்கிறார்கள். கல்யாணமான பெண்களிடம் தனியாகப் பேசுகிறார்கள்: கல்யாணத்துக்கு முன் கணவரைத் தெரியுமா, ஆஸ்பத்திரிக்குப் போக வீட்டில் அனுமதி கேட்கவேண்டுமா, வீட்டில் ஆண்கள் முதலில் சாப்பிடுகிறார்களா. தெரிந்தவர்களில் டாக்டர், ஆசிரியர், அரசு அதிகாரி யாராவது உண்டா என்றுகூட ஒரு கேள்வி உண்டு. அரசு ஆபீசில் காரியம் நடக்க ஆள் தெரியவேண்டிய நாட்டில் இது மிக அவசியமான கேள்வி.

இதனால் கிடைத்த பயனுள்ள கண்டுபிடிப்பு ஒன்று சொல்லுங்கள்.

நூறு நாள் வேலைத் திட்டம். முதல் சுற்று நடந்தபோது அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரவில்லை. இரண்டாம் சுற்று நடந்தபோது திட்டம் நாடு முழுக்க வந்துவிட்டது. ஆய்வாளர்கள் திட்டமிட்டு அமைத்த முன்-பின் அல்ல, காலம் தற்செயலாகக் கொடுத்தது. அதை வைத்து 2015-ல் ஓர் அறிக்கை வந்தது. 2011-12-ல் இந்தத் திட்டத்தில் வேலை செய்த பெண்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேர், 2004-05-ல் வேலைக்கே போகாதவர்கள் அல்லது சொந்த நிலத்தில் மட்டும் உழைத்தவர்கள். கையில் கூலியாகப் பணம் வாங்கியது அவர்களுக்குப் புது அனுபவம். ‘ஏற்கெனவே கூலிக்குப் போனவர்கள்தான் இங்கே மாறி வந்தார்கள்’ என்று வாதிட்டவர்களுக்கு, அதே பெண்ணின் பழைய பதிவே பதில் சொன்னது.

குடும்பம் பிரிந்தால் என்ன செய்வார்கள்? ஊரைவிட்டே போய்விட்டால்?

இந்த ஆய்வுகளின் மிகப் பெரிய தலைவலி இதுதான். ஐஎச்டிஎஸ் கணக்கில் ஒரே கூரையின் கீழ் இருந்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அண்ணன் தம்பி பாகம் பிரித்து அடுப்பைத் தனியாக வைத்துக்கொண்டால் இரண்டு குடும்பம். இரண்டும் அதே ஊரில் இருந்தால் இரண்டையும் சந்திப்பார்கள். ஒரு தம்பி திருப்பூருக்கோ சூரத்துக்கோ போய்விட்டால், பொதுவாக ஆய்விலிருந்து விடுபட்டுவிடுவார்.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு டான்சானியாவின் ககேரா ஆய்வைச் சொல்லலாம். 1991-94-ல் சந்தித்த குடும்பங்களின் உறுப்பினர்களை 2004-ல் அவர்கள் எந்த ஊருக்குப் போயிருந்தாலும் தேடிப் பிடித்தார்கள். ஊரைவிட்டுப் போனவர்களின் நுகர்வு வளர்ச்சி, அதே வீட்டில் பிறந்து ஊரிலேயே இருந்தவர்களைவிட 36 சதவீதப் புள்ளிகள் அதிகம். போனவர்களைத் தேடாமல் இருந்திருந்தால் அந்தப் பகுதியின் முன்னேற்றத்தில் பெரும் பங்கு கணக்கிலேயே வந்திருக்காது. இந்தோனேசியக் குடும்ப வாழ்க்கை ஆய்வும் 1993 முதல் இப்படித்தான் ஆட்களைத் தேடிப் போகிறது.

நம் நாட்டில் இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கல்யாணமாகிற பெண் பெரும்பாலும் வேறு ஊருக்குப் போகிறாள். 2004-05-ல் 14 வயதில் பதிவான மகன் அடுத்த சுற்றில் அங்கேயே இருப்பான், மகள் இருக்கமாட்டாள். ஆகவே ‘இளைஞர்கள் முன்னேறினார்கள்’ என்று வருகிற பல முடிவுகள் உண்மையில் இளம் ஆண்களைப் பற்றியவை. இதைக் கட்டுரையில் வெளிப்படையாகச் சொல்லாதவர்களின் முடிவை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

மக்கள் உண்மையைச் சொல்வார்களா?

எல்லாவற்றிலும் சொல்லமாட்டார்கள். வருமானத்தைக் குறைத்துச் சொல்வதும், குடிச் செலவை மறைப்பதும் எங்கும் உண்டு. ஆனால் சங்கடமான கேள்வியைச் சரியாகக் கேட்டால் எதிர்பாராத நேர்மையும் வெளிப்படும். இரண்டாம் சுற்றில் தீண்டாமை பற்றி நேரடியாகக் கேட்டார்கள். சுமார் 27 சதவீதக் குடும்பங்கள் ஏதோ ஒரு விதத்தில் கடைப்பிடிப்பதாக ஒப்புக்கொண்டன. சட்டம் குற்றம் என்று சொல்கிற ஒன்றை வாசலில் நிற்கும் அந்நியரிடம் ஒப்புக்கொண்டவர்களின் கணக்கு இது. உண்மை நிலை இதைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பில்லை. இது குறைந்தபட்ச அளவு என்றுதான் படிக்கவேண்டும்.

வறுமையிலிருந்து மீண்டார், மறுபடி விழுந்தார் என்பதெல்லாம் வெறும் பதிவுப் பிழையாக இருக்கலாமே?

நியாயமான கேள்வி. ஒரு வீட்டில் சர்வே வந்த மாதம் வளைகாப்பு நடந்தது என்று வைத்துக்கொள்வோம். செலவு அதிகமாகப் பதிவாகும். அடுத்த சுற்றில் சாதாரண மாதம், செலவு குறையும். தாளில் பார்த்தால் அந்தக் குடும்பம் ‘விழுந்துவிட்டது’. வறுமைக்கோட்டை ஒட்டி இருக்கும் வீடுகளில் இந்தப் பொய்யான ஏற்ற இறக்கம் மிக அதிகம்.

வருமானம், நுகர்வு, வீட்டிலுள்ள பொருட்கள் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஓட்டு வீடு கான்கிரீட் வீடானதும், வண்டி வாங்கியதும், மாடு விற்றதும் ஒரு மாதச் செலவைவிட நம்பகமான சாட்சி. கோட்டுக்குச் சற்று மேலே, சற்றுக் கீழே என்று கோட்டை நகர்த்திவைத்தும் கணக்குப் போடுங்கள். கோட்டை அசைத்தால் மாறிவிடுகிற முடிவை முடிவு என்று எழுதாதீர்கள்.

தமிழ்நாட்டுக்கு மட்டும் தனியாக ஏதாவது இருக்கிறதா?

ஐஎச்டிஎஸ்ஸில் தமிழகத்திலிருந்து சுமார் 2,000 குடும்பங்கள் இருக்கின்றன. மாநில அளவில் பேசலாம், மாவட்ட அளவில் பேசக்கூடாது.

அதைத் தாண்டி இரண்டைச் சொல்லவேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தன் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பி விவரம் சேகரிக்கச் சொன்னார். இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் இருவேல்பட்டு, திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான், விருதுநகர்ப் பக்கத்து வடமலைபுரம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 1930-களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களுக்கு மறுபடி போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் போய், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் நிலமும் கூலியும் சாதி அதிகாரமும் எப்படி மாறின என்று எழுதினார்கள். கண்டிப்பாகச் சொன்னால் இது ஊரைத் தொடர்வது, குடும்பத்தைத் தொடர்வது அல்ல. இருந்தாலும் இவ்வளவு நீண்ட பதிவு கிடைப்பது நம் அதிர்ஷ்டம்.

இரண்டாவது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு இணைந்து கடலூர், விழுப்புரம் பகுதியில் நடக்கும் கடன், வேலை பற்றிய ஆய்வு. 2010-ல் 10 கிராமங்களில் 405 குடும்பங்கள். 2016-ல் மறுபடி களத்தில் இருந்தபோது, நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. கேள்விகள் அப்படியே தொடர்ந்தன. அதனால் ஒரே பகுதியில் பணமதிப்பு நீக்கத்துக்கு முன் சந்தித்த வீடுகளையும் பின் சந்தித்த வீடுகளையும் ஒப்பிட முடிந்தது. மக்கள் வங்கியைவிட உறவையும் அறிமுகத்தையும்தான் மேலும் சார்ந்தார்கள் என்பது அதில் தெரிந்தது. ஆள் பலம் இல்லாதவர்கள் அதிகம் தவித்தார்கள்.

சிஎம்ஐஇ தரவைப் பயன்படுத்தலாமா?

சிஎம்ஐஇ ஒரு தனியார் பொருளாதாரத் தரவு நிறுவனம். 2014 முதல் ஆண்டுக்கு மூன்று முறை பெரிய எண்ணிக்கையில் குடும்பங்களைச் சந்திக்கிறது. குறுகிய கால மாற்றங்களுக்கு வேறு நல்ல வழி குறைவு. ஆனால் கட்டணம் உண்டு. ஏழைகள் அதில் குறைவாக இடம்பெறுகிறார்கள் என்று 2021-ல் பொருளியலாளர்கள் ஜான் த்ரேஸும் அன்மோல் சோமஞ்சியும் எழுதினார்கள். நிறுவனமும் பதில் சொன்னது. இருபக்க வாதத்தையும் படித்துவிட்டு இறங்குங்கள்.

தரவை எங்கே எடுப்பது, எப்படித் தொடங்குவது?

ஐஎச்டிஎஸ் முதல் இரண்டு சுற்றுகளின் கோப்புகள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஐசிபிஎஸ்ஆர் தரவுக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயர் பதிவு செய்தால் போதும், பணம் வேண்டாம். ஸ்டேட்டா, ஆர் என்ற புள்ளிவிவர மென்பொருள்களில் எதில் வேண்டுமானாலும் திறக்கலாம். ஆர் இலவசம்.

முதல் வாரம் கணக்குப் போடாதீர்கள். வினாத்தாளை முழுவதும் படியுங்கள். பிறகு இரண்டு சுற்றையும் இணைக்கவேண்டும். மாநிலம், மாவட்டம், ஊர், குடும்பம், பிரிந்த கிளை, நபர் என்று அடையாள எண்கள் வரிசையாக இருக்கும். பிரிந்த கிளையின் எண்ணை மறந்தால் அண்ணன் வீட்டுக் கணக்கு தம்பி வீட்டில் ஒட்டிக்கொள்ளும். இணைத்த பிறகு வயதைச் சரிபாருங்கள். 2004-05-ல் 30 வயது சொன்னவருக்கு 2011-12-ல் சுமார் 37 இருக்கவேண்டும். 25 என்றோ 60 என்றோ இருந்தால், அல்லது ஆண் பெண்ணாக மாறியிருந்தால், வேறு ஆளை இணைத்திருக்கிறீர்கள்.

அப்புறம் மாதிரி எடை. ஒவ்வொரு குடும்பமும் நாட்டில் எத்தனை குடும்பங்களுக்குப் பதிலாக நிற்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. அதைப் போடாமல் சதவீதம் எழுதக்கூடாது. பழைய ரூபாயை விலைவாசிக்கு ஏற்ப மாற்றியே ஒப்பிடவேண்டும். விடுபட்ட குடும்பங்கள் எப்படிப்பட்டவை என்று ஓர் அட்டவணையும் கட்டாயம். நகரத்து வீடுகள் அதிகம் விடுபட்டிருக்கும்.

எங்கள் வீட்டுக்கு இப்படி யாராவது வந்தால் பதில் சொல்லவேண்டுமா?

கட்டாயம் இல்லை. இது போன்ற ஆய்வுகளில் சம்மதம் கேட்டுத்தான் தொடங்கவேண்டும். பிடிக்காத கேள்வியைத் தவிர்க்கலாம். அடையாள அட்டை கேளுங்கள். வங்கி எண், ஓடிபி எதுவும் எந்த உண்மையான ஆய்வுக்கும் தேவையில்லை. பொதுவில் வரும் ஐஎச்டிஎஸ் கோப்பில் பெயரோ ஊர்ப் பெயரோ இருக்காது. ஆய்வு நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பலமணி நேரம் உட்கார்ந்து பதில் சொன்ன குடும்பத்துக்கு, என்ன தெரிந்தது என்று அவர்கள் மொழியில் ஒரு பக்கமாவது எழுதிக் கொடுங்கள். அது அவர்களுக்குச் சேரவேண்டியது.

ஆய்வேட்டுக்கு ஒரு நல்ல கேள்வி சொல்ல முடியுமா?

2004-05-ல் வாசிப்புச் சோதனை எழுதிய 8-11 வயதுக் குழந்தைகளுக்கு மூன்றாம் சுற்றின்போது ஏறத்தாழ 26 முதல் 30 வயது. அன்று ஒரு பத்தியைத் தட்டுத்தடுமாறாமல் படித்த குழந்தையும் எழுத்துக்கூட்டக்கூட முடியாத குழந்தையும் இன்று என்ன வேலையில் இருக்கிறார்கள்? ஒரே அளவு வருமானமுள்ள வீடுகளுக்குள் ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் மிஞ்சுகிறதா? அப்பா அம்மாவுக்கு அரசு ஆபீசில் ஆள் தெரிந்திருந்தது வாசிப்பைவிட அதிகம் உதவியதா? மூன்றுக்கும் வேண்டிய அன்றைய தகவல் முதல் சுற்றிலேயே இருக்கிறது, இன்றைய வேலை பற்றியதை மூன்றாம் சுற்றில் பார்க்கவேண்டும். கணக்கைத் தொடங்குமுன் அந்தச் சிறுமிகளில் எத்தனை பேர் மூன்றாம் சுற்றில் மறுபடி கிடைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மிகக் குறைவாக இருந்தால், தலைப்பிலேயே ‘ஆண்கள்’ என்று எழுதிவிடுங்கள்.